வாங்குமுன் ஒரு வார்த்தை: சமையலறை பின்னால், பாரம் எங்கே?

கேள்வி: மாமியார், இரண்டு பிள்ளைகள், நாங்கள் இருவர் என வீட்டில் ஐந்து பேர். ஆண்டுதோறும் கதிர்காமம் போகிறோம், பள்ளி விடுமுறையில் திருகோணமலைக்கும் போகிறோம். கடைச் சாப்பாடு மாமியாருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே எங்கள் டபிள் கெப்பில் இழுத்துச் செல்ல ஒரு சிறிய கேரவன் டிரெய்லர் செய்விக்க நினைக்கிறோம். பட்டறையில் இரண்டு வரைபடங்களைக் காட்டினார்கள். ஒன்றில் சமையலறை வால்பக்கம் முழு அகலத்துக்கும் இருக்கிறது, மூன்று புறமும் ஜன்னல். மற்றதில் வண்டியின் நடுவில், பக்கச் சுவரோடு ஒட்டி இருக்கிறது. எனக்கு முதலாவதுதான் பிடித்திருக்கிறது. "மலைப் பாதைக்கு அது சரிவராது" என்கிறார் கொழுந்தன். முற்பணம் கொடுக்கலாமா?
– பண்டாரவளை வாசகி

பதில்: கொடுக்கலாம், ஆனால் இந்த வாரம் வேண்டாம். வரைபடத்தில் சில பெட்டிகள் இடம் மாற வேண்டியிருக்கிறது.

உங்கள் ஆசையில் பிழை இல்லை. வால்பக்கச் சமையலறையில் மேடை நீளமாகக் கிடைக்கும். தாளிக்கும் புகை படுக்கைப் பக்கம் வராமல் ஜன்னல் வழியே போய்விடும். நீங்கள் ரொட்டி சுடும்போது மாமியார் பக்கத்திலேயே நின்று சம்பல் செய்யலாம். நடுவில் இருந்தால், யாராவது படுக்கையிலிருந்து எழுந்து வரும்போதெல்லாம் கரண்டியோடு நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும்.

கொழுந்தன் பயப்படுவது பின்பாரத்துக்கு. மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மூட்டைகளைப் பின்னால் அடுக்கினால் நுகம் மாட்டின் கழுத்தைவிட்டு எழும்பும். டிரெய்லரில் நுகத்தின் இடத்தில் கெப்பின் கொளுக்கி இருக்கிறது, அவ்வளவுதான். டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை அந்தக் கொளுக்கியில் அமர வேண்டும் என்பது டிரெய்லர்க்காரர்களின் பொதுவான கணக்கு. குறைந்தால் வால் ஆடத் தொடங்கும்.

உங்கள் வண்டி 900 கிலோ, கொளுக்கியில் 110 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம், நல்ல நிலை. டிரெய்லரின் சக்கர அச்சிலிருந்து கொளுக்கி 4 மீற்றர் முன்னால், சமையல் மேடை 2 மீற்றர் பின்னால். இப்போது 60 லீற்றர் தண்ணீர், இரும்போடு சேர்த்து ஏறத்தாழ 25 கிலோ வரும் 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர், அரிசி, பாத்திரம் என 100 கிலோவை வாலில் ஏற்றுகிறீர்கள். அது கொளுக்கியிலிருந்து 50 கிலோவைத் தூக்கிவிடும். வண்டி 1000 கிலோ, கொளுக்கியில் 60. வெறும் 6 சதவீதம்!

அப்படிப்பட்ட ஒரு வண்டியின் முன்னால், கெப்பில் நான் இருந்திருக்கிறேன். எல்ல–வெல்லவாய இறக்கத்தில் வால் இடமும் வலமுமாக வீச, ஓட்டிய நண்பர் பயத்தில் பிரேக்கை மிதித்தார். ஆட்டம் கூடியது. ஒருவழியாக ஓரம்கட்டிக் கதவைத் திறந்தால், தரை முழுக்க மைசூர்ப் பருப்பு. அலுமாரிக் கதவு ஒன்று கீலோடு தொங்கியது. திருவலை மட்டும் மூலையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தது. ஆட்டம் கண்டால் பிரேக்கை அழுத்தாமல் அக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். இறக்கம் தொடங்கும் முன்பே சிறிய கியருக்கு வந்துவிடுங்கள்.

எனவே பட்டறையில் இப்படிச் சொல்லுங்கள். மேடை, சிங்க், அடுப்பு, ஜன்னல்கள் வாலிலேயே இருக்கட்டும். தண்ணீர்த் தொட்டி தரைக்கு அடியில், அச்சுக்கு நேராகவோ சற்று முன்னாலோ வரட்டும். சிலிண்டரும் பற்றரியும் முன்பக்க இழுவைச் சட்டத்தின் மேல். குளிர்சாதனப் பெட்டி அச்சை ஒட்டி. அரிசி, பருப்பு, பெரிய சட்டிகள் முன் இருக்கைக்குக் கீழே. எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். தரைமட்டத்தில் காற்றுத் துவாரம் இல்லாத வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள்.

பலர் கவனிக்காதது கழுவிய தண்ணீர்த் தொட்டியை. சிங்குக்கு நேர்கீழே வைப்பதுதான் பட்டறைக்கு எளிது. போகும்போது சமநிலையாக இருந்த வண்டி, முன்தொட்டி காலியாகிப் பின்தொட்டி நிறைந்து, திரும்பும்போது பின்பாரமாகிவிடும். அதையும் அச்சுக்கு அருகில் கேளுங்கள், புறப்படும் முன் காலி செய்யுங்கள்.

அச்சுக்குப் பின்னால் வால் எவ்வளவு நீள்கிறது என்று நாடா வைத்து அளந்து பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் வால் வெளிப்பக்கம் வீசும், கானைத் தாண்டி ஏறும்போது அடி உரசும். பின்னால் இன்னும் ஓர் அலுமாரி இலவசம் என்று பட்டறையில் சொன்னால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

பொறுப்பெடுக்கும் நாளில் பயணச் சாமான் அனைத்தையும் ஏற்றி, தொட்டியை ஒருமுறை நிரப்பியும் ஒருமுறை காலியாகவும் வைத்து, கெப்பில் மாட்டும் அதே உயரத்தில் டிரெய்லரின் கொளுக்கி முனைக்குக் கீழே தராசை வையுங்கள். ஆள் நிறுக்கும் சாதாரணத் தராசே இந்த அளவு வண்டிக்குப் போதும். உங்கள் கெப் எத்தனை கிலோ தாங்கும் என்பது அதன் கையேட்டில் இருக்கும். பதிவு விடயத்தை முற்பணத்துக்கு முன்பே மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துவிடுங்கள். பட்டறையின் வாய்வார்த்தை போதாது.

கேள்வி: கனடாவிலுள்ள அண்ணன் தன் பழைய டிரெய்லரை அனுப்பத் தயாராக இருக்கிறார். சமையலறை பின்னால்தான். வாங்கலாமா?
– ஹட்டன் வாசகர்

பதில்: அண்ணனின் அன்பை மட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே வண்டிகள் வலப்பக்கம் ஓடுவதால் டிரெய்லர்க் கதவும் பொதுவாக வலப்பக்கம் இருக்கும். இங்கே வீதியோரம் நிறுத்தினால் பிள்ளைகள் பஸ் வரும் பக்கமாக இறங்குவார்கள். உள்ளே உள்ள மின்சாதனங்கள் 120 வோல்ட்டுக்கானவை, நம் வீட்டு மின்சாரம் 230. பக்கச் சுவர் வெளியே நீளும் வகையென்றால், சுவரை உள்ளே இழுத்த நிலையில் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடிகிறதா என்று அண்ணனிடமே கேளுங்கள். பலவற்றில் முடியாது.

கேள்வி: எரிவாயுவில் ஓடும் குளிர்சாதனப் பெட்டி நல்லதா, 12 வோல்ட் பற்றரிப் பெட்டியா?
– தலவாக்கலை வாசகி

பதில்: பற்றரிப் பெட்டி. எரிவாயுப் பெட்டி ஏறத்தாழ சமதரையில் நின்றால்தான் ஒழுங்காகக் குளிரும். நம் பக்கத்தில் சமதரை என்றால் தோட்டத்து விளையாட்டு மைதானம்தான், அங்கேயும் பந்து ஒரு பக்கமாகத்தான் உருள்கிறது. மிச்சமாகும் எரிவாயு அடுப்புக்கு உதவும். 1868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் தண்ணீர் 94 பாகையிலேயே கொதித்துவிடுவதால் சோறு வேக நேரமெடுக்கும். பிரஷர் குக்கரை மறக்காதீர்கள்.