வளையலைக் கழற்றிய கை

வணக்கம் சார். என் நாவலின் நாயகி மதுரைப் பக்கம் ஒரு ஸ்டேஷனில் சப்-இன்ஸ்பெக்டர். யாருக்கும் அஞ்சாதவள். முதல் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். அவளுக்கு எந்தத் துப்பாக்கி பொருந்தும்? பெண் என்பதால் கைக்கு அடக்கமான சின்ன பிஸ்டல் கொடுக்கலாமா, இல்லை டெசர்ட் ஈகிள் கொடுத்தால் கெத்தாக இருக்குமா? கிளைமாக்ஸில் இரண்டு கையிலும் துப்பாக்கி வைத்துச் சுடலாமா?

ச., தேனி

அன்புள்ள ச.,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: கூடாது. இரண்டு கையிலும் துப்பாக்கி இருந்தால் ஒன்றையும் ஒழுங்காகக் குறிபார்க்க முடியாது, தோட்டா அடுக்கிய மேகசினை மாற்றக் கையும் இருக்காது. டெசர்ட் ஈகிளையும் விட்டுவிடுங்கள். .50 காலிபரில் அது தோட்டா போடாமலே கிட்டத்தட்ட 2 கிலோ, கொள்வது 7 ரவுண்டு. நாள் முழுக்க இடுப்பில் கட்டிக்கொண்டு ரோந்து போகிற சாமானா அது? மேலும், ஒரு சப்-இன்ஸ்பெக்டர் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆயுத அறையில் இருப்பதை, நம்பரையும் ரவுண்டுக் கணக்கையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிறாள். இச்சாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 9 மி.மீ. பிஸ்டல் 1ஏ இந்தியப் போலீசில் பரவலாக உண்டு. அதையே கொடுங்கள்.

நான் பதில் எழுத உட்கார்ந்தது ‘பெண் என்பதால் சின்ன பிஸ்டல்’ என்ற உங்கள் வரிக்காக. கொஞ்ச காலமாகவே இந்த நினைப்பு என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது. 2014-ல் கான்பூரில் செய்த ‘நிர்பீக்’ என்ற .32 ரிவால்வர், பெண்களுக்கானது என்று சொல்லியே விற்பனைக்கு வந்தது. எடை 500 கிராம், விலை 1,22,360 ரூபாய். நகைப்பெட்டி மாதிரி ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். எடை குறைவு என்பதுதான் அதன் பெருமை.

தூக்கிப் பார்க்க மட்டுமே அது பெருமை. ஒரே தோட்டாவைக் கனமான துப்பாக்கியிலும் லேசான துப்பாக்கியிலும் போட்டுச் சுட்டால், லேசானதுதான் கையை அதிகமாக உதைக்கும். பிடி குட்டையாக இருப்பதால் சுண்டுவிரலுக்கு இடம் இருக்காது, உதையில் துப்பாக்கி கைக்குள் திரும்பிவிடும். குழலும் குட்டை என்பதால் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடைவெளி குறைவு, குறியில் மயிரிழை பிசகினாலும் குண்டு வெகுவாக விலகிப் போகும். பின்னால் சுத்தியல் மாதிரி இருக்கும் ஹாமரை இழுத்து வைக்காமல் ரிவால்வரைச் சுட்டால் டிரிகர் 4, 5 கிலோ அழுத்தம் கேட்கும். அரைக் கிலோ துப்பாக்கியில் அந்த அழுத்தத்தைக் கொடுக்கும்போதே முனை ஆடிவிடும். சின்ன பிஸ்டலாவது சுலபமா என்றால், அதுவும் இல்லை. அவற்றில் பலவற்றில், சுட்டதும் பின்னே ஓடும் மேல்பாகமான ஸ்லைடைத் தடுத்து நிறுத்துவது அதன் எடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே. அதனால் ஸ்பிரிங் விறைப்பாக இருக்கும். பிடித்து இழுக்க இடமும் கொஞ்சம்தான். கைப்பைக்குள் அடங்கும் துப்பாக்கியை வைத்துக் குறி தப்பாமல் சுட நிறையப் பயிற்சி வேண்டும். அதைப் பயிற்சியே இல்லாதவள் கையில் கொடுத்து, பெண்ணுக்கு ஏற்றது என்கிறோம்.

உங்கள் முதல் அத்தியாயத்தில், சோதனைக்குக் கிளம்புமுன் அவள் வளையலைக் கழற்றிப் பாக்கெட்டில் போடுகிறாள். எவ்வளவு நல்ல இடம் அது! அந்தக் கையை அத்தனை கவனமாகப் பார்த்த நீங்கள், அதே கை துப்பாக்கியைப் பிடிக்கும்போது ஏன் பார்க்கவில்லை? பார்க்க வேண்டியதெல்லாம் கையில்தான் இருக்கிறது. குழலும் முன்கையும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி பிடித்தால், ஆள்காட்டி விரலின் நுனிச்சதை டிரிகரில் படிகிறதா? விரல் எட்டாமல் பிடியைச் சாய்த்துப் பிடித்தால் உதை கட்டைவிரல் மூட்டில் இறங்கும். மணிக்கட்டு தொய்ந்தால் ஸ்லைடு முழுசாகப் பின்னே போகாது, சுட்ட தோட்டாவின் காலி கேஸ் வெளியேறும் வாயிலேயே செங்குத்தாகச் சிக்கிக்கொள்ளும். உடனே மேகசினை அடியில் ஒரு தட்டு தட்டி, ஸ்லைடை இழுத்து விட வேண்டும்.

ஸ்லைடை இழுப்பதும் புஜபல விஷயம் இல்லை. முதலில் ஹாமரை இழுத்து வைத்தால் ஸ்லைடு லேசாகிவிடும். இடது உள்ளங்கையால் அதை மேலிருந்து கவ்விக்கொண்டு வலது கையை முன்னே தள்ள வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட வேண்டும். கூடவே கையைக் கொண்டுபோனால் ரவுண்டு முழுசாக உள்ளே ஏறாது.

1ஏ, பிரவுனிங் ஹை-பவர் என்ற பழைய பிஸ்டலின் வார்ப்பு. மேகசினில் 13 ரவுண்டு. ஹாமர் இழுபடாமல் இருந்தால் டிரிகரை எத்தனை தடவை அழுத்தினாலும் வெடிக்காது. மேகசின் உள்ளே இல்லாவிட்டால், குழலின் பின்முனையில், சேம்பரில், ரவுண்டு இருந்தாலும் வெடிக்காது. உங்கள் கிளைமாக்ஸ் இதிலேயே இருக்கிறதே! வில்லன் துப்பாக்கியைப் பறிக்கப் பாய்கிறான். அவள் கட்டைவிரல் டிரிகர் வளையத்தின் பின்னாலுள்ள பொத்தானை அழுத்துகிறது. மேகசின் தானாக விழாது, மேகசின் இல்லாமல் வெடிக்கவிடாத அந்தப் பாதுகாப்பு அமைப்பே அதை உரசிப் பிடித்துக்கொள்ளும். இடது கையால் உருவி எடுக்க வேண்டும். அந்த ஒரு நொடியை எழுதுங்கள். பறித்தவன் டிரிகரை அழுத்துவான், ஒன்றும் நடக்காது.

சண்டை முடிந்ததும் அத்தியாயத்தை மூடிவிடாதீர்கள். அவள் அதற்குமுன் மூன்று ரவுண்டு சுட்டிருந்தால், மூன்று காலி கேஸையும் கணக்கில் காட்ட வேண்டும். ரிவால்வராக இருந்தால் உருளைக்குள்ளேயே கிடக்கும். பிஸ்டல் வலப்பக்கமாகத் தூர எறிந்துவிடும். கருவேலம் புதரில் டார்ச் அடித்துக்கொண்டு மூன்றாவதைத் தேடட்டும். வளையல் இன்னும் பாக்கெட்டில்தான் இருக்கிறது.