வாகனத்துக்கு மேலே துவக்கோடு நிற்பவன்: பாலைவனக் கேள்விகளுக்குப் பதில்

நான் கோப்பாயில் பிறந்தவன். 1998 இல் வெளிநாடு போய், அங்கே ஒரு படையில் 12 வருடம் ஆயுதம் திருத்துபவனாக வேலை செய்தேன். ஈராக்கில் ஒரு தடவை, ஆப்கானிஸ்தானின் ஹெல்மண்டில் இரண்டு தடவை நின்றிருக்கிறேன். வாகனத்தில் பூட்டிய துவக்குகளைப் பற்றியும் அவற்றுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளைகளைப் பற்றியும் கேளுங்கள். எந்தப் படையணி, எந்த முகாம், யாருடைய பெயர் என்று கேட்டால் சொல்லமாட்டேன். இன்னொன்று: வளவில் பழைய வெடிபொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம்.

நல்லூர் வாசகர்: மேலே நிற்பவருக்கு முழு நேரமும் என்ன வேலை? சுடுவது மட்டுமா?

பார்ப்பது. பத்து மணித்தியால ரோந்தில் ஒரு சன்னம்கூடச் சுடாமல் திரும்பி வந்த நாட்களே அதிகம்.

லாண்ட் றோவரில் மூன்று பேர். சாரதி, பக்கத்தில் தலைவர், பின்னால் வளையத்துக்குள் நிற்கிற துவக்குக்காரன். மூவரில் அவன்தான் உயரத்தில் நிற்பான். வீதி ஓரத்தில் நேற்று இல்லாத மண் மேடு, வழமையாகப் பிள்ளைகள் விளையாடுகிற சந்தியில் இன்று ஒருவரும் இல்லாதது, ஈர மண்ணின் நிறம் மாறியிருப்பது எல்லாம் முதலில் அவன் கண்ணில்தான் படவேண்டும். அவன் சொல்வதை நம்பித்தான் சாரதி பிரேக் போடுவான்.

அவனுக்கு முன்னால் இருப்பது பெரும்பாலும் ஐம்பது கலிபர் பிரவுனிங். நம்மூரில் பிப்ரி கலிபர் என்று சொல்வது இதைத்தான். துவக்கு மட்டும் 38 கிலோ. ஒரு சன்னமே ஏறத்தாழ 115 கிராம். நிமிடத்துக்கு 450 முதல் 600 வரை சுடும். அப்படியென்றால் 100 சன்னப் பெட்டி ஒன்று, விடாமல் அழுத்தினால் 10 முதல் 13 விநாடிக்குள் முடிந்துவிடும். அதனால்தான் ஐந்து ஆறாக விட்டு விட்டுச் சுடப் பழக்குகிறார்கள். விசை சுட்டுவிரலுக்கு அல்ல, இரண்டு கைப்பிடிக்கும் நடுவில் கட்டைவிரலுக்கு இருக்கும்.

சாரதிக்கு ஆசனம் உண்டு. இவனுக்கு இடுப்புக்கு மேலே வெளி. வெயில், புழுதி, காற்று, கல் எல்லாம் அவன் முகத்தில்தான். ஈராக்கின் பஸ்ராவில் கோடையில் வெப்பம் 50 பாகைக்கு ஏறும். கையுறை இல்லாமல் இரும்பைத் தொட்டால் தோல் கொப்பளிக்கும்.

கோப்பாய் மாணவன்: அண்ணா, எந்தத் துவக்கு எல்லாவற்றிலும் சிறந்தது?

நேற்று இரவு சுத்தம் செய்தது.

சுன்னாகம் வாசகர்: ரொயோட்டா பிக்கப்பில் துவக்கு பூட்டி ஒரு நாடு போரே வென்றதாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 1987 இல் சாட் நாட்டின் வடக்கில் லிபியப் படை நின்றது. லிபியாவிடம் டாங்கிகள், விமானங்கள். சாட் படையிடம் ரொயோட்டா பிக்கப்புகளும், அவற்றில் பூட்டிய இயந்திரத் துவக்குகளும், பிரான்ஸ் கொடுத்த மிலான் என்ற டாங்கி எதிர்ப்பு ஏவுகணைகளும். ஜனவரியில் ஃபாடாவிலும் மார்ச்சில் உவாடி டூமிலும் லிபியாவின் முகாம்களை அவர்கள் பிடித்தார்கள். இதற்கு ரொயோட்டா போர் என்றே பெயர் வந்துவிட்டது.

ஆனால் வென்றது பிக்கப் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சாட் ஆட்களுக்கு அந்த மண் சொந்த மண். எந்த மணல் வண்டியைத் தாங்கும், எது விழுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். மணல்காட்டு மணலில் வான் புதைந்து ரயரில் காற்று இறக்கிய அனுபவம் உள்ளவர்களுக்கு இது உடனே விளங்கும். 1940 இல் கெய்ரோவில் ரால்ஃப் பாக்னோல்ட் தொடங்கிய, பிரித்தானியப் படையின் நீண்டதூரப் பாலைவனக் குழுவும் அந்த வித்தையைத்தான் செய்தது. லொறிகளில் இயந்திரத் துவக்குகளைப் பூட்டி, ரயர்க் காற்றைக் குறைத்து மணல் குன்றுகளைக் கடந்தார்கள். ரேடியேட்டரில் கொதித்து ஆவியாகும் தண்ணீரை ஒரு கலத்தில் பிடித்துக் குளிரவைத்துத் திரும்ப உள்ளே விட்டார்கள். ஒரு சொட்டுத் தண்ணீரை வீணாக்காத அந்தப் புத்தி எனக்கு எந்தத் துவக்கையும் விடப் பெரிதாகத் தெரிகிறது.

கொக்குவில் வாசகர்: கணினி விளையாட்டில் வருவதுபோல் ஓடும் வண்டியிலிருந்து குறி தப்பாமல் சுட முடியுமா?

முடியாது. வண்டி குலுங்கும், புழுதி மறைக்கும்.

சாவகச்சேரி, கராஜ் வைத்திருப்பவர்: தம்பி, புழுதியில் ஒயில் போட்டால் புழுதி ஒட்டும். பாலைவனத்தில் துவக்குக்கு ஒயிலே போடக்கூடாது, கிராபைட் தூள்தான் சரி. இத்தனை வருடம் செயின் பல்லுச் சக்கரம் பார்த்த அனுபவத்தில் சொல்கிறேன்.

அண்ணை, பாதி சரி. ஹெல்மண்ட் மண்ணை மணல் என்று நினைக்காதீர்கள். ஒடியல் மா மாதிரி இருக்கும், அவ்வளவு மென்மை. வண்டி ஓடினால் முழங்கால் உயரத்துக்கு எழும்பும், மூடிய பெட்டிக்குள்ளும் போகும். ரோந்து முடிந்து வந்த ஒரு ஐம்பது கலிபரின் மேல்மூடியைத் திறந்து உள்ளே விரல் வைத்துப் பார்த்தால், ஒயிலும் மாவும் சேர்ந்து சாம்பல் நிறத்தில் ஒடியல் கூழ் மாதிரி ஒட்டும். விரல் நுனியில் வைத்துத் தேய்த்தால் நறநறக்கும். அந்தக் கூழ் இரும்பைத் தின்னும்.

அதற்காக ஒயிலே இல்லாமல் விட்டால் நிமிடத்துக்கு ஐந்நூறு தடவை முன்னும் பின்னும் ஓடுகிற இரும்பு சூடேறி இறுகும். அதனால் உள்ளே உராய்கிற இடங்களுக்கு ஒயில், வெளிப்புறம் துடைத்து உலர்வாக. சன்னத்துக்கும் பெல்ட்டுக்கும் ஒரு துளியும் படக்கூடாது. பட்டால் அதுவே புழுதியை உள்ளே இழுத்துப்போகும்.

அதே அண்ணை: உலர்வாக விட்டால் ஒட்டாது என்று நான் சொன்னதைத்தானே நீயும் சொல்கிறாய்?

இல்லை அண்ணை. வெளியே உலர்வு, உள்ளே ஒயில். இரண்டும் வேறு.

கிளிநொச்சியிலிருந்து ஒரு அக்கா: குறுக்கே வருகிறேன். எங்கள் வீட்டில் பழைய மெசி பெர்குசன் 35 உழவு மிசின் இருக்கிறது. அதன் எயார் கிளீனரில் ஒயில் ஊற்றித்தான் வைத்திருக்கிறோம். காற்றோடு வருகிற புழுதியை அந்த ஒயில்தான் பிடிக்கிறது. ஒயில் புழுதியைப் பிடிப்பது கெடுதல் என்றால் மிசின் எப்படி இத்தனை வருடம் ஓடியது?

அக்கா, இதைவிட நன்றாக என்னால் சொல்லமுடியாது. ஒயில் புழுதியைப் பிடிப்பது குற்றம் இல்லை, பிடித்த ஒயிலை மாற்றாமல் விடுவதுதான் குற்றம். உழவுக் காலத்தில் அந்தக் கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்ப்பீர்கள், அடியில் சேறு நின்றால் கொட்டிக் கழுவுவீர்கள். துவக்குக்கும் அதேதான். ஒயில் போடு, சுடு, துடை, திரும்பப் போடு.

சாவகச்சேரி அண்ணை: கிளீனர் வேறு, சிலிண்டர் வேறு. புழுதி சிலிண்டருக்குள் போகாமல் தடுக்கத்தான் கிளீனர். துவக்குக்கு எங்கே கிளீனர்?

சரியான கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். துவக்குக்குக் கிளீனர் இல்லை. அதன் இடத்தில் துணி உறை, சுடுகுழல் வாய்க்கு மூடி, மூடியே வைக்கிற சன்னப் பெட்டி. ஓடும்போது எல்லாவற்றையும் மூடி வைக்கலாம், ஆனால் ஆபத்தான இடத்தில் உறையைக் கழற்றத்தான் வேண்டும். அந்த நேரம் துவக்கைக் காப்பாற்றுவது நேற்றைய சுத்தம் மட்டுமே.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2003 மார்ச் 23 அன்று ஈராக்கின் நாசிரியாவில் அமெரிக்காவின் 507 ஆவது பராமரிப்புக் கம்பனி வழி தவறி நகருக்குள் போய்த் தாக்குதலில் மாட்டியது. 11 பேர் இறந்தார்கள். அவர்களுடைய துவக்குகளில் பல இறுகி நின்றுபோயின, ஐம்பது கலிபரும் சேர்த்து. பாலைவனச் சூழலுக்கு ஏற்ற பராமரிப்புப் போதாமல் இருந்திருக்கலாம் என்று அந்த இராணுவத்தின் அறிக்கையே எழுதியது. அவர்கள் லொறி ஓட்டுநர்கள், மெக்கானிக்குகள், சமையல்காரர்கள். என்னைப் போன்ற பின்னணி வேலைக்காரர்கள். அந்த அறிக்கையை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

உரும்பிராய் மாணவன்: பிப்ரி கலிபர் நல்லதா, கிரனேட் அடிக்கிற துவக்கு நல்லதா?

கோப்பாய்த் தம்பிக்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

மானிப்பாய் வாசகர்: சுடுகுழல் மாற்றுவது கஷ்டமா?

கஷ்டம் என்பதைவிடக் கவனம். பழைய பிரவுனிங்கில் குழலைத் திருகி மாட்டியதும், குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவிலுள்ள இடைவெளியை அளவுத் தகட்டால் சரிபார்க்கவேண்டும். பிழைத்தால் சன்னத்தின் கோது உள்ளேயே வெடித்துச் சுடுபவனைக் காயப்படுத்தும். ஒருமுறை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு பையன் அவசரத்தில் தகட்டைப் போடாமல் மூடியைச் சாத்தினான். கையைப் பிடித்து நிறுத்தினேன். அளந்தபோது இடைவெளி பிழை. பிறகு வந்த எம் 2 ஏ 1 வகையில் அந்த இடைவெளியை நிலையாகவே அமைத்துவிட்டார்கள்.

வட்டுக்கோட்டை வாசகர்: இப்போது உள்ளே இருந்தே திரையைப் பார்த்துச் சுடுகிறார்களாமே? பிறகு ஏன் மேலே ஆள்?

ஆம், நோர்வேயின் கொங்ஸ்பெர்க் செய்கிற கருவிகள் பல நாடுகளில் இருக்கின்றன. உயிர் காக்கிற கண்டுபிடிப்பு அது, சந்தேகமே இல்லை. ஆனால் கமராக் கண்ணாடியிலும் அதே ஒடியல் மா படியும். துவக்கு இறுகினால் திருத்த ஒருவன் வெளியே ஏறத்தான் வேண்டும்.

பளை வாசகர்: எங்கள் தென்னங்காணியில் பெரிய கோது ஒன்று கிடந்தது. பிப்ரி கலிபரா என்று பார்க்கப் படம் அனுப்பட்டுமா? பக்கத்தில் இன்னும் ஏதோ இரும்பு தெரிகிறது.

வேண்டாம். அந்த இடத்துக்குத் திரும்பப் போகாதீர்கள். இனி எங்கேயாவது இப்படிக் கண்டால் போன வழியிலேயே கால் வைத்து வெளியே வாருங்கள்; இப்போது கிராமசேவகருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள். கண்ணிவெடி அகற்றுகிறவர்கள் வந்து பார்ப்பார்கள். முகமாலைப் பக்கம் அவர்கள் இன்னும் ஏன் முழந்தாளில் இருந்து அங்குலம் அங்குலமாகத் தோண்டுகிறார்கள் என்று யோசியுங்கள். கோது வெறுங்கோதாக இருக்கலாம். பக்கத்தில் தெரிகிற இரும்பு என்னவென்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இணுவில் வாசகர்: குறும்படத்துக்கு எங்கள் பிக்கப்பில் துவக்கு மாதிரி ஒன்று பூட்டவேண்டும். தாங்கி எப்படிச் செய்வது?

இதற்கு நான் உதவமாட்டேன். கலை இயக்குநர் ஒருவரைப் பிடியுங்கள், பொலிசில் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

யாழ் நகர வாசகர்: மாலியில் இலங்கைப் படை இருந்ததே, அதைப் பற்றி?

ஐ.நா. பணியில் வாகனத் தொடர்களுக்குக் காவலாகப் போனார்கள். 2019 ஜனவரியில் டூவென்சாவுக்கு அருகே குண்டு வெடித்து இரண்டு பேர் இறந்தார்கள். 2023 இறுதியில் அந்தப் பணியே முடிந்தது. மற்றதை அங்கே நின்றவர்களிடம் கேட்பதுதான் முறை.

தெல்லிப்பழை வாசகர்: எந்தத் துவக்கு சிறந்தது என்று ஒரு வரியில்...

மூன்றாவது தடவை. மேலே வாசியுங்கள் தம்பி.

கோண்டாவில் வாசகர்: இந்தத் துவக்கின் முன்பக்கத்தைப் பார்த்து வளர்ந்த ஊர் இது. இதைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகக் கதைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

கேட்கவேண்டிய கேள்வி. 1996 இல் இடம்பெயர்ந்து திரும்பி வந்தபோது எனக்கு 14 வயது. ஒழுங்கையால் இராணுவத்தின் பஃபல் கவச வாகனம் வந்தால் அம்மா என்னைப் படலைக்கு உள்ளே இழுப்பா. நான் மேலே நிற்கிறவனின் முகத்தைப் பார்ப்பேன். அவனும் என்னைப் பார்ப்பான். ஒருமுறை அவனுக்கு என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும், உதடு வெடித்திருந்தது. ஹெல்மண்டில் ஒரு மண்வீட்டு வாசலில் ஒரு தகப்பன் பிள்ளையை உள்ளே இழுத்ததை நான் வண்டியிலிருந்து பார்த்தேன். எனக்கு அம்மாவின் கைதான் ஞாபகம் வந்தது. என் கையால் திருத்திய துவக்கு அந்த வாசலைப் பார்த்தபடி இருந்தது. அதை நான் மறக்கவில்லை, மறைக்கவும் இல்லை. எழுதாமல் விட்டால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பருத்தித்துறை அம்மா: தம்பி, என் தங்கையின் மகன் வெளிநாட்டில் படையில் சேர்ந்து வாகனத்தில் மேலே நிற்கிற பயிற்சிக்குப் போகிறான். அவனுக்கு என்ன சொல்லி அனுப்ப?

அம்மா, இரண்டு விஷயம். அப்படியே எழுதி அனுப்புங்கள்.

ஒன்று, வண்டி உருளுவது. கவச வாகனங்களுக்கு உயரமும் பாரமும் கூட. வாய்க்கால் கரை இடிந்தால் சரியும். மேலே நிற்பவன் வெளியே பாய நினைத்தால் வண்டி அவன்மேலேயே விழும். உள்ளே விழவேண்டும், உள்ளே இருப்பவர்கள் காலையும் இடுப்புப் பட்டியையும் பிடித்து இழுக்கவேண்டும். அந்தப் பயிற்சியைச் சலிப்பில்லாமல் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லுங்கள். பட்டியைக் கழற்றிவிட்டு நிற்கிற பழக்கம் வேண்டாம்.

இரண்டு, காது. அமெரிக்காவில் முன்னாள் படையினர் இழப்பீடு பெறுகிற குறைபாடுகளில் முதலிடம் காது இரைச்சலுக்குத்தான். எனக்கும் இடது காதில் இருக்கிறது. கோப்பாயில் இரவு கரண்ட் நின்று காற்றாடி ஓய்ந்ததும், என்ன அமைதி என்று மாமி சொல்லுவா. எனக்கு அந்த நேரம்தான் சில்வண்டு தொடங்கும், விடியும் வரை. பயிற்சியில் சுடும்போதும், பக்கத்தில் வேறொருவன் சுடும்போதும், ஒரே ஒரு சன்னம் என்றாலும் காதடைப்பான் போடச் சொல்லுங்கள். ஒரு சோடி சட்டைப் பையில், இன்னொன்று தலைக்கவசத்துக்குள்.