முதலில் மேசையில் ஓடட்டும், பிறகு கேபினட்டுக்குள் போகட்டும்

கேள்வி: ரைசன் 5 7600 பிராசஸர், பி650 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்5 ராம் இரண்டு, 1 டிபி என்விஎம்இ எஸ்எஸ்டி, ஆர்டிஎக்ஸ் 4060 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை), ஒரு கேபினட். எல்லாம் வாங்கி ஒரு வாரம் ஆகிறது. இன்னும் ஒரு பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை. கம்ப்யூட்டரின் உள்ளே நான் எட்டிப் பார்த்ததே கிடையாது. "தெரிந்தவர்களிடம் கொடுத்துவிடு, எதையாவது உடைத்து வைக்காதே" என்கிறார் அண்ணன். நானே அசெம்பிள் செய்யலாமா? எதில் தொடங்குவது? எல்லாம் மாட்டி பட்டனை அழுத்தியும் திரையில் ஒன்றும் வராவிட்டால் என்ன செய்வது? கடைசியில் ஸ்க்ரூ மிஞ்சினால்?

பதில்: தாராளமாகச் செய்யலாம். அண்ணன் சொல்வதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவருடைய பயம் கம்ப்யூட்டர் முழுவதற்கும் பொதுவாக இருக்கிறது. அவ்வளவு தேவையில்லை. பெரும்பாலான கனெக்டர்கள் தவறான இடத்தில் நுழையவே நுழையாது. டிடிஆர்4 ராமை டிடிஆர்5 ஸ்லாட்டில் வைத்தால் நடுவிலுள்ள வெட்டு பொருந்தாது. 24 பின் கேபிளைத் திருப்பிப் போட முடியாது. கவனம் முழுவதையும் கொட்ட வேண்டிய இடங்கள் சிலதான் உண்டு.

உங்கள் பட்டியலைப் பார்த்தேன், பொருத்தம் சரியாக இருக்கிறது. பிராசஸரும் போர்டும் ஏஎம்5 சாக்கெட் (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்), ராம் டிடிஆர்5. மின்சாரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம்: இந்த பிராசஸர் உச்சத்தில் 88 வாட் அளவுக்கு இழுக்கும், கார்டு 115 வாட். மற்றதெல்லாம் சேர்ந்தாலும் 300 வாட்டைத் தொடுவது கடினம். கார்டின் நீளமும் போர்டின் அளவும் உங்கள் கேபினட்டுக்குள் அடங்குமா என்பதை மட்டும் கேபினட்டின் விவரத்தாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி, எதில் தொடங்குவது என்ற கேள்வி. முதல்முறை செய்கிறவர்கள் எல்லாவற்றையும் கேபினட்டுக்குள் மாட்டி, கேபிள்களை அழகாகக் கட்டி, கதவையும் மூடிவிட்டுத்தான் பட்டனைத் தொடுவார்கள். ஓடவில்லை என்றால் அத்தனையையும் அவிழ்க்க வேண்டும். எந்தப் பொருளில் கோளாறு என்றும் தெரியாது. நான் சொல்லும் வழி வேறு. மதர்போர்டு வந்த அட்டைப் பெட்டியையே மேடையாக்கி, அதன்மேல் போர்டை வையுங்கள். பிராசஸர், கூலர், ராம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் இவ்வளவு மட்டும் மாட்டி அங்கேயே ஓட்டிப் பாருங்கள். 7600-இல் சின்னதாக ஒரு கிராபிக்ஸ் உள்ளேயே இருப்பதால் இப்போதைக்குக் கார்டு வேண்டாம். (பெயரின் கடைசியில் 'எஃப்' உள்ள பிராசஸராக இருந்தால் கார்டு இல்லாமல் படமே வராது.) போர்டைச் சுற்றி வந்த வெள்ளி நிறப் பையின்மேல் மட்டும் வைத்து ஓட்டாதீர்கள். அந்தப் பையின் வெளிப்பக்கம் ஓரளவு மின்சாரத்தைக் கடத்தும்.

நிலைமின்னைப் பற்றி நிறையப் பயமுறுத்துவார்கள். கம்பளத்தின்மேல் உட்காராமல், கம்பளி உடை போடாமல், அவ்வப்போது கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டால் பெரும்பாலும் போதும்.

பயத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் முதல் பத்து நிமிடத்திலேயே வந்துவிடுகிறது: பிராசஸர் சாக்கெட். முந்தைய ஏஎம்4-இல் பின்கள் பிராசஸரின் அடியில் இருந்தன; ஒன்றிரண்டு வளைந்தால் பொறுமையாக நிமிர்த்திவிடலாம். 2022-இல் வந்த ஏஎம்5-இல் அவை போர்டின் பக்கம் போய்விட்டன. இன்டெல் 2004-லேயே அப்படி மாறிவிட்டது. உங்கள் சாக்கெட்டில் 1718 தொடுமுனைகள், ஒவ்வொன்றும் மயிரிழை போல மெல்லியது. அதில் ஒன்று வளைந்தாலும் ஒரு ராம் ஸ்லாட்டே செத்துப்போகலாம். வாரண்டியும் பொதுவாக அதை ஏற்காது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு நண்பரின் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு, பேச்சு சுவாரசியத்தில் ஒரு ஸ்க்ரூவை நான் சாக்கெட்டுக்குள் நழுவவிட்டேன். பூதக்கண்ணாடியும் ஊசியுமாக இரண்டு மணி நேரம் மல்லுக்கட்டியும் ஒரு ராம் ஸ்லாட் மறுபடி வேலை செய்யவே இல்லை. அன்றிலிருந்து சாக்கெட் திறந்திருக்கும்போது என் கையில் பிராசஸரைத் தவிர வேறெதுவும் இருக்காது.

நெம்புகோலைத் தூக்குங்கள், சட்டத்தைத் திறங்கள். பிராசஸரின் மூலையிலுள்ள தங்க முக்கோணமும் சாக்கெட்டின் முக்கோணமும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். ஓரங்களைப் பிடித்து நேராக இறக்கி விட்டுவிடுங்கள். அழுத்தவோ நகர்த்தவோ வேண்டாம், தானாக உட்காரும். ஆனால் சட்டத்தை மூடி நெம்புகோலை இறக்கும்போது நல்ல பலம் வேண்டும், கிரீச்சென்று ஒரு சத்தமும் வரலாம். வயிற்றைக் கலக்கும், ஆனாலும் அது சரியான சத்தம்தான். மேலே இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் மூடியை நீங்கள் எடுக்கவே வேண்டாம். சட்டம் இறங்கும்போது அது தானே துள்ளிக் கழன்றுவிடும்.

7600 பெட்டியிலேயே கூலர் இருக்கிறது. அதன் அடியில் பிராசஸரின் சூட்டைக் கூலருக்குக் கடத்தும் பசை (தெர்மல் பேஸ்ட்) ஏற்கெனவே தடவியிருக்கும், விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாக்கெட்டின் இரு பக்கமும் போர்டில் மாட்டியிருக்கும் பிளாஸ்டிக் பிடிகளைக் கழற்றினால்தான் இந்தக் கூலரின் நான்கு ஸ்க்ரூக்களும் துளையில் இறங்கும். இந்த விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. கூலர் பொருந்தவில்லையே என்று திகைத்து நிற்பார்கள். ஒரு ஸ்க்ரூவை முழுக்க முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். குறுக்குக் குறுக்காக, ஒவ்வொன்றுக்கும் சில சுற்றுகள் கொடுத்து இறுக்குங்கள். ஃபேன் கேபிளை 'சிபியூ ஃபேன்' என்று எழுதியிருக்கும் இடத்தில் மாட்டுங்கள். (தனியாகக் கூலர் வாங்குகிறவர்கள் அடியிலுள்ள பிளாஸ்டிக் படலத்தை உரிக்க மறந்துவிட்டு, ஏன் இப்படிச் சுடுகிறது என்று கேட்டு எழுதுகிறார்கள். மாதம் ஒன்றாவது வருகிறது.)

போர்டில் நான்கு ராம் ஸ்லாட் இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போடுங்கள். போர்டில் அவற்றை ஏ2, பி2 என்று குறித்திருப்பார்கள். கிளிக் என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். நீங்கள் நினைப்பதைவிட அதிக பலம் தேவைப்படும். எஸ்எஸ்டியைச் சாய்வாகச் செருகிப் படுக்கவைத்து, குட்டி ஸ்க்ரூவால் பிடிக்க வேண்டும். அதன்மேல் ஹீட்சிங்க் (சூட்டை இழுக்கும் உலோகத் தகடு) இருந்தால் அதன் அடியிலும் உரிக்க வேண்டிய படலம் உண்டு.

அடுத்து எஸ்எம்பிஎஸ். போர்டுக்கு இரண்டு கேபிள்: பெரிய 24 பின் ஒன்று, பிராசஸருக்குப் பக்கத்தில் மேல் மூலையில் 8 பின் ஒன்று. இரண்டாவதை மறப்பவர்கள்தான் அதிகம். ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், ஆனால் பிராசஸர் விழிக்காது. கிராபிக்ஸ் கார்டுக்கான கேபிளும் 8 பின்தான், பார்ப்பதற்கு அண்ணன் தம்பி போல இருக்கும். நான்கும் நான்குமாகப் பிரிந்தால் அது பிராசஸருக்கு. ஆறும் இரண்டுமாகப் பிரிந்தால் கார்டுக்கு.

தவறாகப் பொருத்தவே முடியாது என்று மேலே சொன்னேன் அல்லவா, அது பொய்க்கிற இடம் இங்கேதான். கழற்றி மாட்டும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால், வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸின் கேபிளை ஒருபோதும் இதில் பயன்படுத்தாதீர்கள். போர்டுப் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த மின்னழுத்தம் என்பது ஒரே நிறுவனத்தின் மாடல்களுக்குள்கூட மாறலாம். கேபிள் கச்சிதமாகப் பொருந்தும். எஸ்எஸ்டியோ ஹார்ட் டிஸ்க்கோ ஒரு நொடியில் கருகும்.

இப்போது மானிட்டரைப் போர்டின் எச்டிஎம்ஐயில் மாட்டுங்கள். பவர் பட்டன் கேபினட்டில் அல்லவா இருக்கிறது? பரவாயில்லை. போர்டுடன் வந்த கையேட்டைப் பார்த்து, பவர் சுவிட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். அங்கே இருப்பது மிகச் சிறிய மின்னழுத்தம், ஷாக் அடிக்காது.

ஃபேன் சுற்றும். திரை கறுப்பாகவே இருக்கும். உங்கள் மூன்றாவது கேள்வி இங்கேதான் வருகிறது. முக்கால்வாசிப் பேர் தைரியத்தை இழப்பதும் இங்கேதான். டிடிஆர்5 ராமை முதன்முறை பார்க்கும்போது, அதனுடன் எந்த நேர அளவுகளில் பேசினால் பிழை வராது என்று போர்டு ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெய்னிங் என்பார்கள். ஏஎம்5-இல் இதற்குச் சில நிமிடங்கள் பிடிக்கும். அந்த நேரம் முழுக்கத் திரையில் ஒன்றும் வராது. போர்டின் ஓரத்தில் 'டிராம்' என்ற விளக்கு எரிந்துகொண்டிருக்கலாம், ராம் போய்விட்டதோ என்று தோன்றும். கைவைக்காதீர்கள். 15 நிமிடம் விட்டுவிடுங்கள். நடுவில் அணைத்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அணைத்து அணைத்துப் போட்டுவிட்டு, நல்ல போர்டைக் கெட்டது என்று திருப்பிக் கொடுத்தவர்களும் உண்டு.

15 நிமிடத்துக்குப் பிறகும் வரவில்லை என்றால்தான் கோளாறு தேட வேண்டும். சுவிட்சை அணைத்து, மூலையிலுள்ள 8 பின்னைப் பாருங்கள். ராம் இரண்டையும் கழற்றி, ஒன்றை மட்டும் ஏ2-வில் அழுத்திப் போட்டுப் பாருங்கள். பிறகு கையேட்டில் சொன்னபடி பயாஸ் (பட்டனை அழுத்தியதும் முதலில் ஓடும், போர்டிலேயே உள்ள மென்பொருள்) அமைப்புகளை அழித்துவிட்டு இன்னொரு முறை. போர்டின் ஓரத்திலுள்ள நான்கு சிறு விளக்குகளில் எது நிலையாக நிற்கிறது என்பது பிராசஸரா, ராமா, கிராபிக்ஸா, டிஸ்க்கா என்று கைகாட்டிவிடும். பெரும்பாலும் சரியாக அமராத ராம்தான் குற்றவாளி.

பயாஸ் திரை வந்துவிட்டால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. 32 ஜிபி காட்டுகிறதா, எஸ்எஸ்டி தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் ராமின் உறையில் 6000 என்று போட்டிருந்தாலும் இங்கே 4800 என்றுதான் காட்டும். ஏமாற்றிவிட்டார்களோ என்று நினைக்க வேண்டாம். 'எக்ஸ்போ' என்ற அமைப்பை இயக்கினால்தான் எழுதிய வேகம் கிடைக்கும். இயக்கிய பின் ஒருமுறை மீண்டும் கறுப்புத் திரை, மீண்டும் காத்திருப்பு.

இனிக் கேபினட். இது கைவேலைதான், மூளைக்கு அவ்வளவு வேலையில்லை. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: போர்டு உட்காரும் பித்தளைக் குமிழ்கள் போர்டின் துளைகளுக்கு நேராக மட்டும் இருக்க வேண்டும். ஏடிஎக்ஸ் போர்டு 305 × 244 மி.மீ., மைக்ரோ ஏடிஎக்ஸ் 244 × 244 மி.மீ.; உங்களுடையது சின்னது என்றால் கீழே ஓரிரு குமிழ்கள் வெறுமனே நிற்கும். போர்டின் அடியில் துளையில்லாத இடத்தில் ஒன்று முட்டினாலும் ஷார்ட் ஆகலாம், கழற்றிவிடுங்கள். மூலையிலுள்ள 8 பின் கேபிளைக் கார்டு போடுவதற்கு முன்பே மாட்டிவிடுங்கள், பிறகு கை நுழையாது. முன்பக்கக் குட்டி வயர்களில் பவர் சுவிட்சை எப்படிப் போட்டாலும் வேலை செய்யும். எல்இடி வயர் திரும்பியிருந்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். ஃபேனில் குறுக்குச் சட்டம் தெரியும் பக்கம்தான் காற்று வெளியேறும் பக்கம். முன்னால் உள்ளே, பின்னால் வெளியே என்று வைத்தால் போதும்.

கடைசியாகக் கிராபிக்ஸ் கார்டு. மேல் ஸ்லாட்டில் கிளிக் ஆகும்வரை அழுத்தி, ஸ்க்ரூ போட்டு, 8 பின் கேபிளை முழுக்க உள்ளே தள்ளுங்கள். முக்கியமாக, மானிட்டர் கேபிளைப் போர்டிலிருந்து பிடுங்கிக் கார்டுக்கு மாற்றுங்கள். இதை மறந்து அரை இரவு விழித்தவன் நான். உங்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு: 7600-இல் கிராபிக்ஸ் இருப்பதால், சில போர்டுகளில் பழைய இடத்திலேயே படம் வந்தும் தொலைக்கும். கார்டு சரியில்லையோ என்று நினைத்துக்கொண்டே மந்தமான கேமை மாதக்கணக்கில் ஆடிக்கொண்டிருப்பீர்கள்.

விண்டோஸ் 11 போடுவதற்கு 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று போதும். விண்டோஸ் 10 வேண்டாம், அதற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. போர்டின் வைஃபை, லேன் இரண்டையும் இயக்கும் மென்பொருளான டிரைவர்களையும் வேறொரு கம்ப்யூட்டரில் இறக்கி அதே பென்டிரைவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். நிறுவும்போது விண்டோஸ் இணையம் கேட்கும்; இணையத்துக்கு டிரைவர் வேண்டும்; டிரைவருக்கு இணையம் வேண்டும்.

ஸ்க்ரூ மிஞ்சத்தான் செய்யும். எல்லா வகைப் பொருத்தத்துக்கும் சேர்த்துத்தான் கேபினட்டுடன் ஒரு பொட்டலம் தருகிறார்கள். எஸ்எஸ்டிக்கான குட்டி ஸ்க்ரூ இன்னொன்று மிஞ்சினால் மட்டும் தனியாக எடுத்து வையுங்கள், பிறகு தேடினால் எளிதில் கிடைக்காது. துள்ளி விழுந்த அந்தச் சாக்கெட் மூடியையும் போர்டின் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். வாரண்டிக்காகப் போர்டை அனுப்ப நேர்ந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.