‘கெட்’டும் பட்டணம் சேர்

மாதம் ஒரு ஞாயிறு பெங்களூரில் இருக்கும் நம் ஆட்களின் கேள்விகளுக்கு உட்கார்ந்து பதில் எழுதுவதாக ஒப்புக்கொண்டது என் தப்பு. இந்த முறை பொருள் ஒரே ஒரு ஆங்கில வினைச்சொல், ‘கெட்’ (get). பெங்களூரில் மென்பொருள்களைத் தமிழாக்கிச் சோறு தின்பவள் நான். இந்த மூன்றெழுத்துப் பூச்சி கடிக்காத நாள் கிடையாது. ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்பார்கள். பட்டணத்திலேயே வளர்ந்த எனக்கு வாய்த்தது இந்தக் ‘கெட்’.

தனிச் சொல்லை அனுப்பாதீர்கள், முழு வாக்கியத்தை அனுப்புங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதி தனிச் சொல். சரி, ஆரம்பிப்போம்.

எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு தம்பி: அக்கா, ‘கெட்’டுக்குச் சரியான ஒரே தமிழ்ச் சொல் எது?

இல்லை.

வொயிட்ஃபீல்டிலிருந்து: மேடம், எங்கள் ஆப்பைத் தமிழாக்கிக் கொடுத்த வெண்டர் எல்லாப் பட்டனிலும் ‘பெறுக’ என்று போட்டிருக்கிறார். கேட்டால் அகராதியைக் காட்டுகிறார். படிக்க ஒருமாதிரி இருக்கிறது, ஆனால் எது தப்பு என்று சொல்லத் தெரியவில்லை.

அகராதியில் இருப்பது தப்பில்லை. ஆனால் ‘பெறு’ ஒரு கனமான சொல். பரிசு பெறுவார்கள், பட்டம் பெறுவார்கள், ஓய்வு பெறுவார்கள், பிள்ளை பெறுவார்கள். யாராவது கடைக்குப் போய்க் கொத்தமல்லி பெற்று வந்ததுண்டா? உங்கள் ஆப்பில் ‘கெட் டைரக்‌ஷன்ஸ்’ என்ற பட்டனுக்கு ‘திசைகளைப் பெறுக’ என்று இருந்தால், தாலுகா ஆபீஸ் சுவரில் ஒட்டிய அறிவிப்பு மாதிரிதான் இருக்கும். அங்கே வேண்டியது ‘வழி காட்டு’. ‘கெட் ஹெல்ப்’புக்கு ‘உதவி’ என்ற ஒரு சொல் போதும். ‘கெட் ஸ்டார்ட்டட்’டுக்குத் ‘தொடங்கலாம்’. மூன்றிலும் ‘கெட்’ காணாமல் போய்விட்டது, கவனித்தீர்களா? யாரும் அதைத் தேடப் போவதில்லை.

நான் பட்ட பாடு ஒன்று சொல்கிறேன். பல வருஷத்துக்கு முன் ஒரு கம்பெனியிலிருந்து எக்செல் ஷீட் வந்தது. அதில் ஒரு வரி: ‘கெட்’, பக்கத்தில் ஒரு வெற்றிடம். வெற்றிடத்தில் என்ன வந்து உட்காரும் என்று கேட்டு மெயில் போட்டேன், பதில் இல்லை. நானும் வெற்றிடத்துக்குப் பின்னால் ‘பெறுக’ என்று போட்டு அனுப்பிவிட்டேன். ரிலீஸ் ஆன பிறகு பார்த்தால் ‘உதவி பெறுக’ சரியாக வந்திருக்கிறது, ‘குறியீடு பெறுக’ பரவாயில்லை, மூன்றாவது திரையில் ‘தயார் பெறுக’! ‘கெட் ரெடி’யாம். சேலத்திலிருந்து என் சித்தப்பா அந்தத் திரையைப் படம் பிடித்து எனக்கே அனுப்பினார், யார் செய்த வேலை என்று தெரியாமல். அன்றிலிருந்து வெற்றிடம் உள்ள வரியை மூன்று உதாரணம் இல்லாமல் தொடுவதில்லை. நீங்களும் தொடாதீர்கள்.

இதற்கு அடியில் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. ஆங்கிலக்காரன் ‘ஐ காட்’ என்று ஆரம்பித்தால் எல்லாவற்றையும் அவனே எட்டிப் பிடித்த மாதிரி. மெயில், ஜுரம், வேலை, கோபம் எல்லாமே அவன் ‘கெட்’ பண்ணியவை. நமக்கு மெயில் வரும், ஜுரம் வரும், வேலை கிடைக்கும், கோபம் பொத்துக்கொண்டு வரும். நாம் ‘எனக்கு’ என்று ஓரமாக உட்கார்ந்திருப்போம். ஆகவே ‘கெட்’டைப் பார்த்ததும் அதற்குச் சொல் தேடாதீர்கள். யாருக்கு என்ன நடந்தது என்று பாருங்கள், வினை தானாக வரும். காசு கொடுக்காமல் நாமாக வாங்கிக்கொள்வது ஒன்றுதான்: அடி வாங்குவோம், திட்டு வாங்குவோம். ஆங்கிலத்தில் அதுவும் ‘கெட்’தான்.

மல்லேஸ்வரத்திலிருந்து: இந்தச் சொல் எந்த மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது?

ஸ்காண்டிநேவியாக்காரர்கள் கொண்டுவந்தது. பழைய நார்ஸ் மொழியில் ‘கெட்டா’ மாதிரி ஒரு வினை. ‘ஃபர்கெட்’, ‘பிகெட்’ இரண்டிலும் அதன் உறவுக்காரச் சொல் ஒளிந்திருக்கிறது. ‘பிகெட்’ என்றால் பிள்ளை பெறுதல். நம் ‘பெற்றவர்’களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஜெயநகரிலிருந்து: ‘கெட்டிங் லேட்’, ‘கெட்டிங் ஓல்ட்’, ‘கெட்டிங் டார்க்’, ‘கெட்டிங் கோல்ட்’. எல்லாவற்றுக்கும் ‘ஆகிறது’ போடலாமா?

முதல் இரண்டுக்குப் போடலாம்: நேரமாகிறது, வயசாகிறது. மூன்றாவது இருட்டுகிறது. தமிழில் அதற்கென்றே வினை இருக்கும்போது ‘இருள் ஆகிறது’ என்று எழுதினால் கையை உடைப்பேன். நான்காவதில், எது கோல்ட்? ஊர் என்றால் குளிருகிறது, காபி என்றால் ஆறுகிறது. இதற்குத்தான் முழு வாக்கியம் கேட்டேன்.

‘கெட் அப்’, ‘கெட் இன்’, ‘கெட் ஆஃப்’, ‘கெட் டவுன்’ பட்டியல் கேட்ட ஏழு பேருக்கும் சேர்த்து:

எழுந்திரு, ஏறு, இறங்கு, இறங்கு. ஆங்கிலத்தில் வினை சும்மா நிற்கும், ஒட்டுச்சொல்தான் வேலை பார்க்கும். நம்மிடம் வேலை பார்ப்பதே வினை. சந்தேகமிருந்தால் பி.எம்.டி.சி. பஸ்ஸில் ஏறிக் கண்டக்டரைக் கேளுங்கள். கன்னடத்தில் ‘ஹத்தி’ என்றால் ஏறுங்கள், ‘இளீரி’ என்றால் இறங்குங்கள், முடிந்தது. அந்த ‘இளி’ நம்முடைய பழைய ‘இழி’தான். தலையின் இழிந்த மயிர் என்றாரே வள்ளுவர், அதே இறங்குதல்.

சர்ஜாபூர் ரோட்டிலிருந்து, சென்னையிலிருந்து மாறி வந்து ஆறு மாதம் ஆனவர்: மேடம், இந்த ஊர்த் தமிழர்கள் ‘பஸ் சிக்கல’, ‘நாளைக்கு சிக்கறேன்’ என்கிறார்கள். கன்னடத்தை அப்படியே பெயர்த்துப் பேசித் தமிழைக் கெடுக்கிறார்கள். நீங்களாவது திருத்தக் கூடாதா?

இதற்குத்தான் காத்திருந்தேன்.

நான் இதே பெங்களூரில், ஸ்ரீராமபுரத்தில் வளர்ந்தவள். எங்கள் தெருவில் யாரும் யாரையும் ‘சந்திப்ப’தில்லை, சிக்குவோம். காலேஜ் படிக்கும்போது ஒருமுறை வேலூரில் மாமா வீட்டிலிருந்து கிளம்புகையில் வாசலில் நின்று, ‘சரி அத்தை, பொங்கலுக்கு சிக்கறேன்’ என்றேன். அத்தை முகம் மாறிவிட்டது. ‘யாருகிட்டடி?’ என்றாள். பையைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டு, மாமாவை உள்ளேயிருந்து கூப்பிட்டாள். விளக்கி முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. ஆகவே இந்தச் சொல்லில் உள்ள ஆபத்து எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும்.

கன்னடத்தின் சாயல்தான், மறுக்கவில்லை. ‘நனகே சிக்து’ என்றால் எனக்குக் கிடைத்தது, ‘நாளே சிக்தீனி’ என்றால் நாளைக்குப் பார்க்கலாம். ஆனால் சுற்றிப் பாருங்கள். மலையாளத்தில் ‘எனிக்கு கிட்டி’. நம் தமிழிலும் ‘கிட்டு’ உண்டு, கிட்டே வருவதும் அதுதான், கைக்கு வருவதும் அதுதான். தெலுங்கில் ‘தொரிகிந்தி’. பொருள் கிடைத்தாலும் அதே வினை, திருடன் பிடிபட்டாலும் அதே வினை. இந்தியில் ‘மில்னா’: ஆளைச் சந்திப்பதும் சம்பளம் கிடைப்பதும் ஒன்று, ‘முஜே மிலா’. ஒருவன் பிடிபடுவது, கிட்ட வருவது, எதிர்ப்படுவது என்று ஒவ்வொரு மொழியும் ஒவ்வொரு பக்கத்திலிருந்து ‘கெட்’டுக்கு வந்து சேர்கிறது. எல்லாவற்றிலும் ‘எனக்கு’, ‘நனகே’, ‘முஜே’ அப்படியே இருக்கிறது. இது கெட்டுப்போன தமிழ் இல்லை சார், அண்டை வீட்டோடு சுவரைப் பகிர்ந்துகொண்ட தமிழ்.

அதே சர்ஜாபூர் ரோடு: சுவர் பகிர்வது சரி. தமிழில் சிக்கு என்றால் மாட்டிக்கொள்வது. வலையில் மீன் சிக்கும், முடியில் சிக்கு விழும். பஸ் எப்படிச் சிக்கும்?

உங்கள் ஆபீஸில் ஆள் எடுக்கும்போது என்ன சொல்கிறீர்கள்? ‘நல்ல டெவலப்பர் சிக்கவே மாட்டேங்கறான்’ என்று சென்னைக்காரர்களே சொல்லிக் கேட்டிருக்கிறேன். கையில் சிக்கியதை எடுத்து எறிந்தான் என்று எங்கும் எழுதுகிறார்கள். அதில் மாட்டிக்கொண்டது எது, துடைப்பமா? பொருள் நம்மிடமே பாதி வழி நகர்ந்துவிட்டது. பெங்களூர் மிச்சப் பாதியை நடந்தது. நெரிசலுக்குப் பேர்போன சில்க் போர்டு சிக்னலில் சாயங்காலம் ஆறரைக்கு நின்று பாருங்கள், பஸ் ‘கிடைப்ப’தா ‘சிக்குவ’தா என்று.

ஸ்ரீராமபுரத்திலிருந்து ஒரு பெரியவர்: நன்னா கேட்டம்மா! நாங்க மூணு தலைமுறையா சிக்கறோம். இவரு வந்து ஆறு மாசம்.

ஐயா, வணக்கம். ஆனால் உங்களுக்கும் ஒரு வார்த்தை. பேச்சில் சிக்குங்கள். ஊருக்கெல்லாம் போகும் எழுத்தில் ‘கிடை’ போடுங்கள். மதுரையில் இருப்பவர் ‘டிக்கெட் சிக்கவில்லை’ என்று திரையில் படித்தால் பிரிண்டரில் மாட்டிக்கொண்டது என்றுதான் நினைப்பார்.

சர்ஜாபூர் ரோடு: ஆக நான் சொன்னதுதானே கடைசியில்?

பட்டனைப் பொறுத்தவரை ஆமாம். ‘கெடுக்கிறார்கள்’ என்றீர்களே, அதற்கு இல்லை.

(இதற்கு மேல் இருபது பதில்கள் வந்தன. துடைப்பம் பற்றி மட்டும் ஆறு. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.)

பி.டி.எம். லேஅவுட்டிலிருந்து: ‘ஐ காட் மை ஹேர் கட்’. ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்றால் நானே வெட்டிக்கொண்டதாக ஆகாதா?

நல்ல கேள்வி. வாக்கியத்தோடு வந்தது, நன்றி. இந்திக்காரர் ‘கட்வாயே’ என்று வினைக்குள்ளேயே ஆள் வைத்துச் செய்ததைக் காட்டிவிடுவார். கன்னடத்தில் ‘கட்டிங் மாடிஸ்கொண்டே’: ‘மாடிஸ்’ ஆள் வைத்துச் செய்வது, ‘கொண்டே’ அது தனக்காக. தமிழில் ‘வெட்டிக்கொண்டேன்’ என்று சொல்லிவிட்டுப் போகிறோம், சலூன்காரர் இருப்பதாக எல்லோருக்கும் தெரியும். பல்லையும் அப்படித்தான் பிடுங்கிக்கொள்கிறோம். யாரும் குறடை நம் கையில் பார்ப்பதில்லை. மற்ற இடங்களில் வேறு வழி இருக்கிறது: வண்டியை சர்வீஸுக்கு விடுவோம், சட்டையை இஸ்திரிக்குக் கொடுப்போம். ‘செய்வித்தேன்’ என்று மட்டும் எழுதாதீர்கள், அது கல்வெட்டு.

இந்திரா நகரிலிருந்து: ஜெர்மன் படிக்கிறேன். ‘பெகொம்மன்’ என்றால் ‘பிகம்’ தானே?

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் அதுதான் அங்கே ‘கெட்’. ‘பிகம்’முக்கு ‘வேர்டன்’. ஹோட்டலில் ஆங்கிலம் பேசும் ஜெர்மன்காரர், ‘நான் எப்போது கறித்துண்டாக ஆவேன்’ என்று கேட்டதாக ஒரு பழைய சிரிப்பு உண்டு.

ஹெப்பாலிலிருந்து: ‘கெட்’டுக்கு ஒரே சொல்?

மேலே முதல் பதில்.

விவேக்நகரிலிருந்து: துக்கத்தில் இருப்பவர்களுக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். ‘கெட்டிங் ஓவர் இட்’ என்று நிறைய வருகிறது. ‘கடந்து செல்லுதல்’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

வேண்டாம். இப்போது எல்லோரும் எல்லாவற்றையும் கடந்து செல்கிறார்கள், எனக்கு ரயில்வே கேட் ஞாபகம் வருகிறது. நம்மிடம் ‘தேறு’ என்ற அருமையான சொல் இருக்கிறது. உடம்பும் தேறும், மனசும் தேறும், பரீட்சையிலும் தேறலாம். என் அம்மா போனபோது பக்கத்து வீட்டுப் பாட்டி தினமும் மதியம் வந்து ஒரு டம்ளர் மோரை முன்னால் வைத்துவிட்டு, ‘மனசைத் தேத்திக்கோ’ என்பார், அவ்வளவுதான். அதில் சீக்கிரம் ஆகட்டும் என்ற அவசரம் இல்லை. தலைப்பில் ‘மனம் தேறுதல்’, உள்ளே ‘மீண்டு வருதல்’ என்று மாற்றி மாற்றி வைக்கலாம். ‘கெட் ஓவர் இட்’ என்று அதட்டலாக வரும் இடம் இருந்தால் அந்த வரியையே எடுத்துவிடச் சொல்லுங்கள். தமிழில் அது ‘விட்டுத் தள்ளு’. துக்க வீட்டில் சொல்கிற வார்த்தை இல்லை.

‘காட் இட்’, ‘கெட் பை’, ‘கெட் அலாங்’, ‘கெட் லாஸ்ட்’ (தனித்தனியாக நாலு பேர்):

முதலாவது, விஷயம் என்றால் ‘புரிந்தது’, பொருள் என்றால் ‘கிடைத்தது’. எது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், வாக்கியம் எங்கே? இரண்டாவது, காலம் தள்ளுவது. மூன்றாவது, ஒத்துப்போவது. நான்காவது, தொலைஞ்சு போ. இதில் மட்டும் இரண்டு மொழியும் ஒரே பள்ளியில் படித்திருக்கின்றன.

மாரத்தஹள்ளியிலிருந்து: வாடகை ஒப்பந்தத்தை ஆங்கிலத்திலிருந்து பெயர்த்துத் தருவீர்களா?

வக்கீலிடம் போங்கள்.

கே.ஆர். புரத்திலிருந்து ஒரு அம்மா: என் மகளுக்கு ஐந்து வயது. ஸ்கூலில் ஆங்கிலம், கீழ்வீட்டில் கன்னடம். நேற்று ராத்திரி ‘அம்மா, எனக்கு தூக்கம் கிடைக்குது’ என்றாள். கவலைப்பட வேண்டுமா?

எதற்கு? ‘எனக்கு’ என்றுதானே ஆரம்பித்தாள்! ‘நான் தூக்கம் கிடைக்கிறேன்’ என்று சொல்லவில்லையே. கஷ்டமான பாதி அவளுக்கு வந்துவிட்டது. ‘வருது’ என்று இரண்டு ராத்திரி நீங்கள் சொன்னால் மிச்சமும் வந்துவிடும், திருத்துவதாகக் காட்டிக்கொள்ளாமல் சொல்லுங்கள்.

எனக்கும் வருது. காபி ஆறிப்போய் ஒரு மணி நேரம் ஆகிறது. அடுத்த மாதம் ‘டேக்’. வாக்கியத்தோடு வாருங்கள், சிக்கறேன்.