கோவை ஆயர் பிரெசிலாக் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

கருமத்தம்பட்டி செபமாலை அன்னை திருவிழாவுக்குப் போயிருந்தேன். அங்கே ஒருவர் பிரெசிலாக் ஆண்டகையைப் பற்றிச் சொன்னார். கோவையில் ஆயராக இருந்து, பதவியை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவில் போய் இறந்தவராம். காலனியக் கால ஆயர்கள் ஆட்சிக்குத் துணைபோனவர்கள் என்றுதான் படித்திருக்கிறேன். இவரும் அப்படித்தானா? சாதிப் பிரச்சினையால் விலகினார் என்கிறார்களே, சாதியை எதிர்த்தாரா, ஆதரித்தாரா?

ச.

அன்புள்ள ச.,

முதல் கேள்வியை விரைவாக முடித்துவிடலாம். அவர் பிரெஞ்சுக்காரர், கோவையை ஆண்டது ஆங்கிலேயக் கம்பெனி. கம்பெனிக்கு வால்பிடிக்க அவர் கப்பலேறவில்லை. அவருடைய சண்டையெல்லாம் கத்தோலிக்கத் திருச்சபைக்குள்ளேதான். ஒரு பக்கம் ஆயர்களை நியமிப்பதில் போர்த்துகல் மன்னருக்கு இருந்த உரிமையைப் பிடித்துக்கொண்டு நின்ற கோவா குருக்கள், மறுபக்கம் சொந்தச் சகாக்கள். இரண்டாவதுதான் அவரை நொறுக்கியது.

பாரிஸ் அந்நிய வேதபோதக சபை 1658-ல் தொடங்கப்பட்டதே ஆசியாவில் அந்தந்த நாட்டுக் குருக்களை உருவாக்கத்தான். 1842-ல் பிரெசிலாக் அதன் குருவாகப் புதுச்சேரிக்கு வந்தபோதும் அதிகாரம் முழுக்கப் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1844-ல் புதுச்சேரியில் கூடிய சினட், அதாவது குருக்களின் ஆலோசனை மன்றம், உள்நாட்டுக் குருக்களை வளர்க்க வேண்டும் என்று தீர்மானித்தது. மறு ஆண்டே ரோமும் அதை வலியுறுத்தியது. பிரெசிலாக் அதை அப்படியே நம்பினார். 1846 அக்டோபர் 4 அன்று கருமத்தம்பட்டியில் அவரை ஆயராகத் திருநிலைப்படுத்தியபோது வயது 32. தமிழ்க் குருவை ஐரோப்பியக் குருவுக்குச் சமமாக நடத்த வேண்டும், நாளைக்கு ஆயராகவும் ஆக்க வேண்டும் என்பது அவர் கட்சி. தீர்மானம் காகிதத்தில் இருந்தது, ஆட்கள் அசையவில்லை. நம்மூர்க் கமிட்டிகளில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் சடங்குகள். நீங்கள் கேட்ட சாதி இங்கேதான் வருகிறது. 1704-ல் ரோமின் தூதர் துர்னோன் புதுச்சேரியில் ஒரு தடையாணை போட்டார். தாலியில் பிள்ளையார் உருவம் இருக்கக் கூடாது. கல்யாணத்தில் தேங்காய் உடைக்கக் கூடாது. ஞானஸ்நானத்தில் குரு தன் எச்சிலைத் தொட்டுவைக்கும் சடங்கை, ஊரார் அருவருக்கிறார்கள் என்று விட்டுவிடக் கூடாது. சாகக்கிடக்கும் பறையரின் வீட்டுக்குள் போக மறுக்கக் கூடாது. 1744-ல் பாப்பரசர் 14-ம் பெனடிக்ட் இந்தத் தடைகளை உறுதிசெய்தார். இங்கே பணிக்கு வரும் குருக்கள் இவற்றுக்குக் கட்டுப்படுவதாகச் சத்தியம் செய்தாக வேண்டும். சத்தியம் செய்துவிட்டு, பல வழக்கங்களைக் கண்டும் காணாமல் விட்டு, மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். பிரெசிலாக்கால் முடியவில்லை. தெளிவாக ஒரு பதில் சொல்லுங்கள் என்று ரோமைக் கேட்டார். மனம் ஆறும்படி எதுவும் வரவில்லை. 1855-ல் அவர் விலகலை ரோம் ஏற்றுக்கொண்டது.

ஆக, சாதியை ஒழிக்கப் போராடியவர் என்று அவரை நிறுத்துவது நம் ஆசை, அவ்வளவுதான். அவரைக் குடைந்தது தன் சத்தியமும் மனசாட்சியும். சேரியிலிருந்து கோவிலுக்கு வந்தவர் எந்த மூலையில் நிற்க வேண்டியிருந்தது என்பது அவர் கவலையின் மையத்தில் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அது அவர் குறைதான்.

ஆப்பிரிக்கா விஷயம் குரூரமானது. 1856 டிசம்பர் 8 அன்று லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைபோதக சபையைத் தொடங்கினார். 1859 மே 14 அன்று சியரா லியோனின் ஃப்ரீடவுனில் இறங்கினார். ஊரில் கொள்ளைநோய், இறங்க வேண்டாம் என்றார் கப்பல் தலைவர். ஜூன் 25 அன்று காய்ச்சலில் இறந்தார். அங்கு போயிருந்த ஆறு பேரில் ஐந்து பேர் அந்த ஒரே மாதத்தில் போய்விட்டார்கள். சபை அழியாமல் காத்தவர் பிரான்சில் இருந்த ஒகுஸ்தின் பிளாங்க். 2020-ல் வத்திக்கான் பிரெசிலாக்கை வணக்கத்துக்குரியவர் என்று அறிவித்தது, புனிதர் பட்டத்துக்குப் போகும் வழியில் ஒரு படி அது.

ஆப்பிரிக்க மரணத்தை எல்லோரும் உருகிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ கோவையில் தோற்ற ஆயர்தான் முக்கியம். அவர் கேட்டது நடந்தது 1923-ல், தமிழ்க் குருவான திபூர்சியுஸ் ரோச் ஆயரானபோது. சினட் முடிந்து 79 வருஷம் கழித்து. அதுவும் கோவைக்கு இல்லை, தூத்துக்குடிக்கு.