கேளுங்கோ, சொல்லுறம்: கனகராயன் ஆத்துச் சனமும் மண்ணும்

கேள்வி: நைல் நதி, சிந்து நதி எண்டு புத்தகத்தில படிக்கிறம். எங்கட வன்னியிலயும் செழிப்பான ஆத்துப் பள்ளத்தாக்கு இருக்கெண்டு மாமா சொல்லுறார். ஆவணியில பாத்தா கனகராயன் ஆத்தில வெறும் மணல்தான் கிடக்கு. இதையோ செழிப்பெண்டுறது?
- வாசகி, வட்டக்கச்சி

பதில்: மாமா சொன்னது சரிதான் தங்கச்சி. ஆவணியில பாத்திட்டு முடிவெடுக்காதேங்கோ, மார்கழியில போய் நிண்டு பாருங்கோ. கனகராயன் ஆறு, பேராறு, அக்கராயன் ஆறு எல்லாமே மழையோட வாற ஆறுகள், ஐப்பசியில தொடங்கி தை மட்டும் கொட்டுற வடகீழ்ப் பருவமழைதான் இதுகளுக்குச் சீவியம். கனகராயன் ஆறு வவுனியாப் பக்கத்தில தொடங்கி வடக்குப் பாத்து ஓடி, இரணைமடுக் குளத்துக்குள்ள வந்து விழுது, அங்கால உங்கட ஊர்ப்பக்கம், பன்னங்கண்டி, முரசுமோட்டை எண்டு போய் சுண்டிக்குளம் கடல்நீரேரியில சேருது. நிலம் கிட்டத்தட்டத் தட்டை, அதால வெள்ளம் வந்தா ஆறு கரை மேவிப் பரவி வண்டலைப் போட்டிட்டுப் போகும். ஆத்தங்கரை மருதமரத்துக்குக் கீழ மண்ணைக் கையில அள்ளிப் பாருங்கோ, கறுத்து, ஈரமா, விரலில ஒட்டும். கொஞ்சம் மேட்டுக்கு ஏறினா மண்ணின்ர நிறமே மாறிடும், அங்க பாலைமரமும் முதிரைமரமும் நிக்கும்.

ஆனா மண் நல்லா இருந்தாப்போல சோறு வராது, மூண்டு மாச மழையை மிச்ச மாசத்துக்குப் பிடிச்சு வைக்கவேணும். 1902இல தொடங்கி 1920 அளவில கட்டி முடிச்ச இரணைமடுக்குளம் அதுக்குத்தான். பிறகு 1930களில குடியேற்றத் திட்டத்தில யாழ்ப்பாணத்தால ஆக்கள் வந்து மலேரியாவோட மல்லுக்கட்டிக் காடு வெட்டினவை. 70களில இறக்குமதியை நிப்பாட்டின நேரம் விசுவமடு, முத்தையன்கட்டுப் பக்கம் படிச்ச வாலிபர் திட்டத்தில போன பொடியள் மிளகாயும் வெங்காயமும் போட்டுக் காசு பாத்தவை. 1977 கலவரத்தோட மலையகத்தால அடிபட்டு வந்த சனமும் இந்தப் பள்ளத்தாக்கின்ர சனந்தான். களை பிடுங்கினதும் கதிர் அறுத்ததும் அவையளில கனபேர், ஆனா சொந்தமா வயல்காணி கிடைச்சது கொஞ்சப் பேருக்குத்தான், இது எனக்கு இண்டைக்கும் மனசில கிடக்கிற குறை. 2009இல முடிஞ்ச போரில ஒருத்தரும் மிச்சமில்லாம எல்லாரும் இடம்பெயர்ந்து, முகாமால திரும்பி வந்து, கண்ணிவெடி எடுத்த வயலில மறுபடி விதைச்ச சனம் இது. செழிப்பெண்டு நான் சொல்லுறது அந்த உழைப்பையும் சேத்துத்தான்.

கேள்வி: காலபோகத்தில முழுக்க விதைக்கிறம், சிறுபோகத்துக்கு மட்டும் ஏன் காணியைக் குறைச்சுத் தருகினம்?
- வாசகர், உருத்திரபுரம்

பதில்: காலபோகம் மாரி விதைப்பு, அதுக்கு மழை மேலால வரும், குளம் துணைக்கு நிக்கும். சிறுபோகம் கோடை விதைப்பு, அதுக்குக் குளத்துத் தண்ணியை விட்டா வேற கதியில்லை. அதால பங்குனி சித்திரையில குளத்தில எத்தனை அடி தண்ணி நிக்குதெண்டு பாத்து, அரச அதிபரும் நீர்ப்பாசனக்காரரும் கமக்கார அமைப்புகளும் கூட்டம் வைச்சு இத்தனை ஏக்கர்தான் எண்டு தீர்மானிச்சுப் பங்கு பிரிக்கினம். கூட்டத்துக்குப் போகாம வீட்டில இருந்து குறை சொல்லுறதில பிரயோசனமில்லை அண்ணை, கட்டாயம் போங்கோ. கடைவாய்க்கால்க்காரர் வராட்டி தலைவாய்க்கால்க்காரற்ற கதைதான் எடுபடும், பிறகு கதிர் வாற நேரம் தண்ணி காணாமப் போய் நட்டப்படுறது நீங்கள்தான்.

கேள்வி: ஆத்து மணலை ஏத்தினா என்ன? அடுத்த வெள்ளத்தில திரும்ப வருந்தானே?
- வாசகர், பரந்தன்

பதில்: வராது தம்பி. மேலயிருந்து வாற மணலை இரணைமடு மறிச்சு வைச்சிடும், குளத்துக்குக் கீழ கிடக்கிறது பழைய மணல், அள்ளினா அள்ளினதுதான். அந்த மணல்தான் மாரித்தண்ணியைக் குடிச்சு வைச்சு, பக்கத்துக் கிணறுகளுக்குக் கோடையிலயும் ஊற விடுது. மணல் போனா ஆத்தடி பதிஞ்சு, கிணறும் இறங்கி, கரை இடிஞ்சு மருதமரம் வேரோட சரியும். சுண்டிக்குளம் பக்கம் இன்னும் மோசம், நல்ல தண்ணி இறங்கினா உப்புத்தண்ணி ஏறி வரும், உப்பு ஏறின வயலைத் திருத்தி எடுக்கிறது லேசில்லை. இரவில டிப்பர் போற சத்தம் கேட்டா கமக்கார அமைப்புக்கும் கிராம சேவகருக்கும் உடன சொல்லுங்கோ, தனிய மறிக்கப் போகாதேங்கோ, நாலு பேராப் போங்கோ.