பத்து நாள் முகாமை வருடம் முழுக்கக் கொண்டுபோவது எப்படி? கேள்வி பதில்

திருச்செந்தூர் பக்கத்தில் எங்கள் ஊரில் 2011 முதல் மே மாதத்தில் பத்து நாள் கோடை முகாம் நடத்திவருகிறோம். கதை, நாடகம், அறிவியல் சோதனை, ஊர் சுற்றுவது எல்லாம் உண்டு. கட்டணம் கிடையாது. கொரோனா காலத்து 2020, 2021 இரண்டு வருடமும் நடக்கவில்லை. முகாம் முடிந்த பிறகும் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் எங்களோடு எப்படி இருக்கிறார்கள் என்று பலரும் கேட்டிருந்தீர்கள். வந்த கேள்விகளுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

கடைசி நாளன்று பிள்ளைகள் அழுதுகொண்டே போகிறார்கள். ஜூலையில் கூப்பிட்டால் நாலு பேர்கூட வருவதில்லை. எங்கே தப்பு? (வாசகர் வட்டப் பொறுப்பாளர், தென்காசி)

முதல் மூன்று வருடம் எங்களுக்கும் இதே கதைதான். நிறைவு விழா, சான்றிதழ், குரூப் போட்டோ, வடை பாயசம். எல்லாம் முடிந்துவிட்டது என்று நாமே மேடை போட்டுச் சொல்லிவிட்டு, பிறகு வா என்றால் பிள்ளை எதற்கு வரும்? அதனால் இப்போது ஒரு வேலையை வேண்டுமென்றே பாதியில் விட்டுவைக்கிறோம். எங்களுக்கு அது பனை.

மே மாதம் நுங்குக் காலம். முகாமின் மூன்றாம் நாள் பனங்காட்டுக்குப் போவோம். மரம் ஏறும் அண்ணாச்சி குலையை இறக்கிச் சீவிக் கொடுப்பார், பிள்ளைகள் பெருவிரலை விட்டு நோண்டித் தின்பார்கள். எது ஆண் பனை, எது பெண் பனை, நுங்கு ஏன் பெண் பனையில் மட்டும் என்பதெல்லாம் அங்கேயே பேசிவிடுவோம். கிளம்பும்போது ஒரு மரத்தில் இரண்டு குலையை மட்டும் வெட்டாமல் விட்டுவிடும்படி அண்ணாச்சியிடம் கேட்டுக்கொள்வோம். அந்த மரம் அந்த வருடத்துப் பிள்ளைகளுடையது. தூரில் சுண்ணாம்பால் குறி போட்டுவிட்டு வருவார்கள்.

விட்ட குலை ஆகஸ்ட், செப்டம்பரில் பழுத்து விழும். பழத்தைச் சுட்டுத் தின்றுவிட்டுக் கொட்டையைச் சேர்த்துவைப்பார்கள். காலாண்டு விடுமுறையில் மணலைக் குவித்துப் பாத்தி கட்டி, கொட்டைகளை நெருக்கமாக அடுக்கி மூடுவோம். பாத்திக்குத் தண்ணீர், வடகிழக்குப் பருவமழை பார்த்துக்கொள்ளும். பொங்கலுக்குத் தோண்டினால் பனங்கிழங்கு.

ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் பொறுக்க முடியாமல் நவம்பரிலேயே ஒரு கொட்டையைத் தோண்டிவிட்டான். அடியில் விரல் நீளத்துக்கு வெள்ளையாக ஒன்று கீழ்நோக்கி இறங்கியிருந்தது. அதை அப்படியே மூடிவிட்டு ஓடிவந்து, "சார், கீழ போயிட்டிருக்கு" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் பாத்தியைச் சுற்றி இருபது பிள்ளைகள் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. தோண்டும்போது சில கொட்டைகளை விட்டுவிடுகிறோம், அவை அங்கேயே கன்றாக வளரும். குளத்தங்கரையிலும் நட்டிருக்கிறோம்.

மாதாமாதம் நிகழ்ச்சி வைக்க எங்களிடம் ஆள் இல்லை. (ஆசிரியை, விருதுநகர்)

மாதாமாதம் வேண்டாம், டீச்சர். நாங்களும் ஒரு வருடம் செய்து பார்த்தோம். அக்டோபரோடு எல்லோரும் களைத்துவிட்டோம். வருடத்துக்கு நாலைந்து நாள் போதும், ஆனால் தேதியை முகாமிலேயே சொல்லிவிட வேண்டும். பருவமும் வானமும் தரும் தேதியாக இருந்தால் இன்னும் நல்லது, அது தள்ளிப்போகாது.

நிழலில்லா நாள் அப்படி ஒன்று. நம் ஊர்களில் வருடத்தில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் சரியாகத் தலைக்கு மேல் வரும், நேராக நிற்கும் பொருளுக்கு நிழல் விழாது. சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்ட் 18 வாக்கில் வரும். தெற்கே வர வர முதல் நாள் முந்தும், இரண்டாவது பிந்தும். எங்களுக்கு ஏப்ரல் இரண்டாவது வாரமும் ஆகஸ்ட் கடைசியும். முகாமில் ஒரு குச்சியை நட்டு நண்பகல் நிழலை அளந்து வைத்துக்கொள்வோம். மே மாதத்தில் சூரியன் நமக்கு வடக்கே இருப்பதால் நிழல் தெற்கே விழும். அது எப்போது காணாமல் போகும் என்று பிள்ளைகளையே யோசிக்கவிட்டால் ஆகஸ்டில் வந்து நிற்பார்கள்.

ஜனவரியில் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு இருக்கிறது. குளத்தங்கரையில் பதினைந்து நிமிடம் நின்று பார்த்ததை எண்ணி, பறவைகளைப் பதிவு செய்யும் இணையதளமான இபேர்டில் (eBird) பதிவு செய்தால் போதும், நம் பிள்ளைகள் எண்ணியது பொதுக் கணக்கில் சேர்ந்துவிடும். கிழங்கு தோண்டுவதும் அதே வாரம். பிப்ரவரியில் அடுத்த முகாமுக்கான கூட்டம். மார்ச்சைத் தொடாதீர்கள், பொதுத்தேர்வு.

எங்கள் முகாமுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் லீவுக்குத் தாத்தா வீட்டுக்கு வந்த பிள்ளைகள். ஜூனில் திருப்பூர், சென்னை என்று போய்விடுகிறார்கள். (இராமநாதபுரம்)

அஞ்சலட்டை எழுதுங்கள். இன்றைக்கும் 50 காசுதான். முகாமிலேயே பிள்ளைகள் தங்கள் வீட்டு முகவரியைத் தாங்களே எழுதிக் கொடுப்பார்கள், பின்கோடு தெரியாமல் விழிப்பதும் அப்போதுதான். ஊரில் இருக்கும் பிள்ளை வெளியூர்ப் பிள்ளைக்குப் பனை பழுத்ததா, மழை பெய்ததா என்று எழுதுவான். தன் பெயருக்குத் தபால் வருவது பெரும்பாலான பிள்ளைகளுக்கு அதுதான் முதல் தடவை. பதில் வருவது பத்துக்கு மூன்றோ நாலோ. ஆனால் எழுதிய பிள்ளையும் வாங்கிய பிள்ளையும் அடுத்த மே மாதம் ஒருவரையொருவர் தேடுகிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள் நேரே பாத்திக்கு வந்துவிடுவார்கள்.

எட்டாம் வகுப்புக்கு மேல் பெண் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். (தன்னார்வலர், கள்ளக்குறிச்சி)

எனக்கு மிகவும் வலிக்கிற விஷயம் இது. முகாமில் நாடகத்தையே தூக்கி நிறுத்திய பிள்ளை, பெரியவளானதும் அடுத்த வருடம் வாசலில் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய்விடுவாள். பிள்ளையிடம் கேட்டுப் பயனில்லை, வீட்டில் பேச வேண்டும். அதுவும் ஆண்கள் போய்ப் பேசினால் நடக்காது. எங்கள் குழுவில் இருக்கும் இரண்டு அக்காமார் ஏப்ரலில் வீடு வீடாகப் போவார்கள். அம்மாக்கள் கேட்பது மூன்றுதான்: யார் கூட இருப்பார்கள், எத்தனை மணிக்கு விடுவீர்கள், கழிப்பறை இருக்கிறதா. மூன்றாவது கேள்விக்கு எங்களிடம் நாலு வருடம் பதில் இல்லை. பிறகுதான் பூட்டுப் போட்ட, தண்ணீர் வருகிற கழிப்பறை உள்ள இடத்துக்கு முகாமை மாற்றினோம். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பெண்களை "பங்கேற்பாளர்" என்று கூப்பிடாமல் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுப்பாளர் ஆக்குங்கள். பொறுப்பு இருக்கிறது என்றால் வீட்டில் விடுகிறார்கள்.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் தினமும் போட்டோ போடலாமா?

தினமும் வேண்டாம். பாத்தியின் படம், பறவைக் கணக்கு, அடுத்த தேதி போதும். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோரிடம் கேட்காமல் எங்குமே போடாதீர்கள். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு தனியாக இருக்கக் கூடாது, தனியாகச் செய்தி அனுப்பக் கூடாது என்பது எங்கள் கட்டாய விதி. குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐச் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம்.

பணம்?

வருடம் முழுக்க நடப்பதற்குப் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை. மே மாதம்தான் செலவு. ஊர்க்காரர்களிடம் காசைவிடப் பொருளாகவும் நேரமாகவும் கேளுங்கள். ஒரு ஆச்சி அரிசி தருவார், ஒருவர் பந்தல் போட்டுத் தருவார். தந்தவர்கள் ஆகஸ்டிலும் விசாரிப்பார்கள்.

எங்களுடையது கோவையில் அடுக்குமாடிக் குடியிருப்பு. பனையும் இல்லை, குளமும் இல்லை. எதைப் பாதியில் விட்டுவைப்பது?

மழை இருக்கிறதே. நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடி ஜாடி ஒன்றும் ஸ்கேலும் போதும். முகாமின் கடைசி நாளில் மொட்டைமாடியில் மறைப்பில்லாத இடத்தில் வைத்துவிடுங்கள். வானிலை ஆய்வு மையம் 24 மணி நேர மழையைக் காலை 8:30-க்குக் கணக்கெடுக்கிறது. பள்ளி நாளில் பிள்ளைகளுக்கு அந்த நேரம் தோதுப்படாது, ஏழு மணிக்கு அளந்தால் போதும், தினமும் அதே நேரமாக இருக்க வேண்டும். ஒரு வாரத்துக்கு ஒரு வீடு பொறுப்பு. அளவை மில்லிமீட்டரில் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் தொங்கும் தாளில் எழுத வேண்டும். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, கோவைக்கு இரண்டும் உண்டு. மழையே பெய்யாத நாளிலும் சுழியம் என்று எழுதச் சொல்லுங்கள்.